விருந்துக்கு வளர்த்த முயல்கள்

அன்பு மகன் ஏழுமலைக்கு நைனா எழுதுவது. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீரில் இறால் இருக்கிறது, உன் அம்மாவின் வாயும் முன்பு போலவே இருக்கிறது. ஆகையால் இங்கே எல்லாரும் சுகம் என்று தெரிந்துகொள்.

நீ படகில் ஏறும்போது அழுததைப் பற்றித்தான் ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. கல்யாணமான பெண் அழுதுகொண்டே புருஷன் வீட்டுக்குப் படகேறுவதை நம் பசியாவரம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறது. மாப்பிள்ளை அழுதுகொண்டே பெண்டாட்டி வீட்டுக்குப் படகேறுவதை இப்போதுதான் பார்க்கிறது. புதுப்பெண் செங்கேணி உன் முதுகைத் தடவி, "அழுவாத, அம்மாவ எப்ப பாக்கணும்னாலும் சொல்லு, நானே இட்டாந்து காட்டறேன்"னு சொன்னது கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. பெண் வீட்டார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். உன் அம்மா அடக்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பெண்ணை அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முழுதாகப் பிடித்துப்போனது.

நேற்று உப்பு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்த காதர் அண்ணன் உன் செய்தி கொண்டுவந்தார். மாலையானால் நீ ஆரம்பாக்கத்து ஏரிக்கரையில் நின்று இந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். முயல் கூடையோடு வந்து இறங்கிய மாப்பிள்ளை என்பதால் அந்த ஊர்ப் பிள்ளைகள் உனக்கு "மாமியார் ஊட்டு மொயலு" என்று பெயர் வைத்துவிட்டார்களாம். நீ கூட்டிக்கொண்டு போன முயல்கள் இரண்டும் சரியாகத் தின்பதில்லையாம். இதெல்லாம் போக உன் மாமியார் ஒருநாள், "இத்தினி வருசமா ஊட்ல மொயல வெச்சிகினு ஒரு நாளு கூட கொழம்பு வெக்கலியா, இன்னா ஊடு அது"னு கேட்டாராம். நீ "அத எங்க நைனாதான் சொல்லணும்"னு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாயாம். நல்ல பிள்ளை. உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை நாங்கள் சொல்லாமலே வைத்திருந்தோம், மறைக்க அல்ல, நேரம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். இந்தக் காகிதத்தைத் தனியாக வைத்துப் படிக்காதே. சாப்பாடு முடிந்ததும் உன் மாமியாரையும் செங்கேணியையும் உட்காரவைத்து உரக்கப் படி. இதில் அவர்கள் கேட்கக் கூடாதது ஒன்றும் இல்லை.

முதலில் முயல்களைக் கவனி. இடம் மாறினால் அவை ஒன்றிரண்டு நாள் வாய் வைக்காது. வீட்டில் உடைந்த பெரிய பானை ஏதாவது இருக்கும், கேட்டு வாங்கு. அதைச் சாய்த்துப் பாதியளவு மணலில் புதைத்து, சுற்றிலும் தண்ணீர் தெளித்துவிடு. உச்சி வெயிலில் பானைமேல் ஈரத்துணி போடு. உடம்பு நிறைய அத்தனை நீள முடியைச் சுமந்துகொண்டு நம் வெயிலில் உயிரோடு இருப்பது அவற்றுக்குப் பெரிய வேலை. அருகம்புல் போடு, முருங்கைக் கொழுந்து கொஞ்சமாகப் போடு. நீ பக்கத்தில் உட்கார்ந்து சீவிவிடு. உன் கையின் வாடை இருந்தால் சீக்கிரம் தின்னும்.

இனிக் கதை. உன் அம்மா காட்டூர்க்காரி என்பது உனக்குத் தெரியும். நெல்லும் பருத்தியும் தெரிந்த குடும்பம். ராட்டையில் அவள் இழுக்கும் நூலுக்காகத் தறிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள், நானும் மறுத்ததில்லை. அவளை நான் கட்டிக்கொண்டு வந்து இறக்கியதோ சுற்றிலும் தண்ணீர் உள்ள இந்தத் தீவில். அவளுக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் தலை சுற்றும், இறால் உரித்தால் கை அரிக்கும். நண்டைக் கண்டால் ஓடிப்போய் அம்மிமேல் ஏறி நின்றுகொள்வாள். அப்போது பக்கத்துக் குடிசையில் இருந்த என் அக்கா, உன் எல்லம்மா அத்தை, ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே நண்டு பிடிக்கிறவள். அவள் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "நூலு இழுக்கத் தெரிஞ்ச மவராசிக்கு ஒரு நண்டு ஒடைக்கத் தெரியல"னு நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்வாள். உன் அம்மா பதில் பேசமாட்டாள். அந்தக் காலத்தில் அவள் பேசமாட்டாள் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் அது உண்மை. நான் கோட்டையிலிருந்து வேலை முடிந்து படகில் திரும்பும்போது அவள் கரையில் நின்று காட்டூர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னை வரவேற்க நிற்கிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்துக்கொண்டேன். மாலையில் கரையில் நிற்கும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கு இப்போது புரியும்.

நான் பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர் கோட்டையில் துரை வீட்டுச் சமையற்காரன். ஒருநாள் கப்பலில் வந்த ஒருவர் துரைக்கு ஒரு ஜோடி முயலைப் பரிசாகக் கொண்டுவந்தார். வெள்ளை முயல். கண் எங்கே, காது எங்கே என்று தெரியாத அளவுக்கு உடம்பெல்லாம் நீளமான முடி. ஊதினால் பறக்கும். துரைக்கு முயல் கறி என்றால் உயிர். "நன்றாகக் கொழுக்கவை, என் பிறந்தநாள் விருந்துக்குச் சமைக்கலாம்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார். சமையலறையில் அடுப்புச் சூடு, வெளியே கோட்டைப் பூனைகள். விருந்துக்கு வைத்ததைப் பூனை தின்றுவிட்டால் என் கதி என்ன ஆவது. ஆகையால் இறால் கூடையில் புல்லைப் பரப்பி, இரண்டையும் அதில் வைத்துப் படகேற்றி நம் தீவுக்குக் கொண்டுவந்தேன். துரையிடம் சொல்லிவிட்டுத்தான் கொண்டுவந்தேன். அப்போது மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நீ உன் அம்மா வயிற்றில் இருந்தாய்.

கூடையைத் திறந்ததும் உன் அம்மா கேட்டாள். "இன்னா இது, பூனையா?"

"மொயலு."

"மொயலுக்கு எதுக்கு இம்மாம் முடி?"

"குளிர் ஊர்லருந்து வந்துதாம்."

அவள் அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டும் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன. "பாவம், கம்பளிய போத்தி வெயில்ல வுட்டா மாதிரி கீது"னு சொல்லி எழுந்து போனாள். உடைந்த தண்ணீர்ப் பானையை மணலில் புதைக்கும் யோசனை அன்றைக்கு அவளுக்கு வந்ததுதான். இத்தனை நாள் கழித்து உனக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேனே, அதெல்லாம் அவள் சொத்து.

நாலு நாளில் முயல்களின் முடி சிக்குப் பிடித்துத் திரி திரியாகத் தொங்கியது. உன் அம்மா பேன் எடுக்கும் ஈர்கோலியை எடுத்துவந்து மடியில் வைத்துச் சீவினாள். ஒரு கை நிறைய முடி வந்தது. தூர எறிய அவளுக்கு மனம் வரவில்லை. பஞ்சு தொட்டு வளர்ந்த கை அது. ராட்டையில் வைத்து இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது, பிடி கொடுக்கவில்லை. நம் தீவில் காற்று எப்போது நிற்கிறது, அது அள்ளிக்கொண்டு போய் ஊர் முழுக்கத் தூவியது. உலர்த்தியிருந்த வலையில் முடி, கருவாட்டில் முடி, தும்மாத ஆள் இல்லை. எல்லம்மா அத்தை தன் வீட்டு நண்டுக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். கரண்டியால் ஒரு வெள்ளை முடியை எடுத்துக் காட்டி, "மீச வெச்ச நண்டு எங்க ஏரில கெடையாதே. காட்டூர்ல கீதா?"னு கேட்டாள். உன் அம்மா அந்தக் கரண்டியைப் பார்த்தாள், அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தையின் மூக்கு நுனியிலும் ஒரு முடி ஒட்டியிருந்தது. உன் அம்மா சிரித்துவிட்டாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. அத்தைக்குக் கோபம் வந்து, பிறகு கோபம் நிற்காமல், அவளும் உட்கார்ந்து சிரித்தாள். உட்கார்ந்தவள் எழுந்து போகவில்லை. "அத இன்னா பண்ணப் பாக்கற, காட்டு"னு ராட்டைப் பக்கம் நகர்ந்து வந்தாள்.

அதற்குப் பிறகு பகல் வேளையில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். காற்றுப் படாமல் இருக்கப் பாயை மறைப்பாகக் கட்டினார்கள். வெறும் முடி நிற்காது என்று கண்டு, பஞ்சோடு கலந்து அடித்துத் திரியாக்கி இழுத்தார்கள். பாதிக்குப் பாதி கலந்தபோது நூல் நின்றது. எப்படிப்பட்ட நூல் என்று உனக்குத் தெரியும், நீ சின்ன வயதிலிருந்து கையில் சுற்றி வளர்ந்தவன். தொட்டால் சூடாக இருக்கும், பார்த்தால் புகை மாதிரி இருக்கும். அதை வைத்து என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வேர்த்து வடியும் ஊரில் சூடான நூல் எதற்கு. ஆனாலும் நூற்றுக்கொண்டே போனார்கள். வளையம் வளையமாகச் சிட்டம் சுற்றி வேறொரு பானைக்குள் வைத்தார்கள். அத்தைக்கு ராட்டை சுற்ற வரவில்லை, அறுந்து அறுந்து போனது. "நண்டு ஒடைக்கற கைக்கு நூலு இழுக்கத் தெரியல"னு உன் அம்மா சொன்னாள். அதுவரை நான் கேட்டிராத குரல் அது. அத்தை, "இரு, கத்துகினு காட்டறேன்"னு சொன்னாளே தவிரக் கோபப்படவில்லை.

விருந்து நெருங்கியது. ஒரு காலையில் நான் கோட்டைக்குக் கிளம்பும்போது உன் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பானைப் பக்கம் உட்காரவைத்தாள். பெட்டை முயல் தன் நெஞ்சிலிருந்து முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கிப் பானையின் மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தது. புல்லும் முடியுமாகப் பின்னி மெத்தை மாதிரி செய்திருந்தது. நெஞ்சில் தோல் தெரிந்தது.

"குட்டி போடப் போவுது. அதுக்குப் படுக்க போடுது, தன் ஒடம்புலருந்தே எடுத்து."

நான் எழுந்து கிளம்பப் பார்த்தேன்.

"இத சமைக்கக் குடுக்க மாட்டேன்"னு உன் அம்மா சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. உலையில் அரிசி போட்டாயிற்று என்று சொல்வது போலச் சொன்னாள்.

மகனே, நான் பயந்த ஆள். துரையின் சோற்றை ஆக்கிப் பிழைக்கிறவன். துரை விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் முயல் கறி என்று சொல்லிவைத்துவிட்டார். வேலை போனால் எனக்கு வலை வீசத் தெரியாது, உன் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, நீயோ பிறக்கப் போகிறாய். "அது நம்ம மொயலு இல்லடி"னு சொன்னேன். "நூலு நம்ம நூலு"னு அவள் சொன்னாள். அதற்குள் எல்லம்மா அத்தை பின்னால் வந்து நின்றிருந்தாள். "மாசமா கீறவ ஊட்ல, மாசமா கீறத அறுப்பியாடா நீ? படக எடு, நாங்களே வரோம் கோட்டைக்கு"னு சொன்னாள். படகு என்றால் தலை சுற்றுகிறவள், வயிற்றில் உன்னோடு, மடியில் நூலோடு ஏறி உட்கார்ந்தாள். ஏரியைத் தாண்டும்வரை அத்தையின் தோளைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஒருதடவை கூடத் திரும்பிவிடலாம் என்று சொல்லவில்லை.

துரைசானி பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். புருஷனோடு ஒல்லாந்துப் பேச்சு, எங்களோடு நம் பேச்சு. கொல்லைப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, நீளமான இரண்டு ஊசியால் முட்டியை மூடும் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அவருக்கு முட்டி வீங்கும், அப்போது போட்டுக்கொள்ள. உன் அம்மா அவர் முன்னால் போய் நின்று மடியை அவிழ்த்து நூல் சிட்டத்தை அவர் கையில் வைத்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றேன்.

துரைசானி அதை விரலால் தடவினார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "எந்தப் பஞ்சுடி இது?"

"பாதி பஞ்சு, பாதி ஒங்க மொயலு, அம்மா."

"அது உசுரோடதான கீது?"

"உசுரோட கீது. வயித்துல குட்டியோட கீது."

"இவளும் அப்டித்தான் கீறா"னு அத்தை சேர்த்துக்கொண்டாள்.

துரைசானி சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரே, நான் இன்னா சொல்லி நிறுத்தறது?"

"அறுத்தா ஒரு வேள சோறு. வுட்டா வருசம் பூரா நூலு. அத சொல்லுங்கம்மா"னு உன் அம்மா சொன்னாள்.

துரையைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நூலைப் பார்த்தார், உன் அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், அத்தையை ஏறிட்டுப் பார்த்தவர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் பேச்சில் ஏதோ கேட்டார். துரைசானி எங்கள் பக்கம் திரும்பி, "விருந்துக்கு வர்றவங்க நூலத் துன்னுவாங்களான்னு கேக்கறாரு"னு சொன்னார். அப்போது எல்லம்மா அத்தை, "நண்டு துன்னுவாங்களான்னு நீங்க கேளுங்க"னு சொன்னாள்.

துரை நண்டு தின்றிருக்கிறார், வெந்நீரில் அவித்து வெண்ணெய் தடவி. நம் வீட்டுக் குழம்பை அவர் மேஜையில் நான் வைத்ததே இல்லை, வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. அவர் வெகு நேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். விருந்துக்கு நண்டுக் குழம்பு. வந்தவர்கள் வயிறு குளிர்ந்து போனால் முயல்கள் எங்களுக்கு. அவர்கள் முகம் சுளித்தால், குட்டி போட்டு முடிந்ததும் முயல்கள் சட்டிக்கு, அதைச் சமைக்க வேறு சமையற்காரன் வருவான்.

விருந்தன்று விடியும் முன்பே அத்தை ஏரியில் இறங்கினாள். நண்டின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, கனமானதை மட்டும் எடுத்தாள். சமையலறைக் கல்மேல் கூடையைக் கொட்டியதும் நண்டுகள் நாலு பக்கமும் ஓடின. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அங்கே ஏறி நிற்க அம்மி இல்லை. அவள் ஒரு நிமிஷம் கையைப் பிசைந்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து ஓட்டைப் பிளந்தாள். கொடுக்கு அவள் விரலைக் கடித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். அத்தை வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனவள் சொல்லாமல் தானும் குந்தி உட்கார்ந்து உடைத்தாள். மிளகு, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய், புளி, கடைசியில் தேங்காய்ப் பால். நான் இத்தனை வருஷம் கோட்டையில் சமைத்தவன் என்ற மிதப்பில் சாதிக்காயைக் கொஞ்சம் சுரண்டிப் போட்டேன். அத்தை என் கையில் ஒரு அடி வைத்தாள். போட்டது போட்டதுதான், எடுக்க முடியவில்லை.

பரிமாறிவிட்டு வந்து மூன்று பேரும் கதவருகே காது கொடுத்து நின்றோம். முதலில் ஒரு சத்தமும் இல்லை. தட்டில் முள் கரண்டி படும் ஓசை கூட இல்லை. பிறகு ஒருவர் இருமினார். யாரோ தண்ணீர் கேட்டார்கள். அதற்குப் பிறகு கேட்டது ஓடு உடையும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் முகம் சிவந்து, மூக்கு ஒழுக, கரண்டியைத் தூர வைத்துவிட்டுக் கையால் தின்றுகொண்டிருக்கிறார்கள். துரை நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டுகிறார். சட்டி வழித்த சட்டியாகத் திரும்பியது. கடைசியில் துரைசானி கைமடிப்பில் குழம்புக் கறையோடு சமையலறைக்கு வந்து உன் அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "மொயலு பொழச்சிகிச்சி"னு சொன்னார்.

திரும்பி வரும்போது படகில் அத்தை சொன்னாள், "புள்ள பொறக்கட்டும், அப்புறம் ஏரில எறங்கி நண்டு புடிக்கக் கத்துத் தரேன்." உன் அம்மா, "மொதல்ல நீ அறுக்காம ஒரு முழம் நூலு இழு"னு சொன்னாள். கடிபட்ட விரலில் துணி சுற்றியிருந்தது. கண்ணைத் திறந்துகொண்டுதான் வந்தாள். அதற்குப் பிறகும் மாலையில் கரையில் போய் நின்றாள், அது நிற்கவில்லை. ஆனால் பக்கத்தில் எல்லம்மா நின்றாள், இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டு நின்றார்கள். எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். குட்டிகள் அந்த முடி மெத்தையில் கண் திறந்தன. கோடை முடியும் முன் நீயும் பிறந்தாய். முயல் நூலில் முட்டிக்குப் பட்டை பின்னிப் போட்டுக்கொண்ட துரைசானி, அந்த மழைக்காலத்தில் வலி குறைந்தது என்று சொல்லி, ஒவ்வொரு வருஷமும் நூல் கேட்டு வாங்கினார். நீ நடக்கத் தொடங்கியபோது ராட்டையைப் பிடித்துத்தான் எழுந்து நின்றாய். சம்பந்தி அம்மா, எங்கள் வீட்டில் ஏன் முயல் குழம்பு வைப்பதில்லை என்று கேட்டீர்களே, இதுதான். உங்கள் வீட்டில் என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் செங்கேணி எப்போதாவது மாசமாக இருக்கும்போது மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி உனக்கு. பெண்டாட்டி வீட்டில் போய் இருப்பது வெட்கம் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், நீயும் நம்பிவிட்டாய். செங்கேணியின் அம்மாவுக்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை, வயலைப் பார்க்கக் கை இல்லை. நீ போனது சரி என்று நானும் உன் அம்மாவும் பேசித்தான் அனுப்பினோம். ஊரில் எத்தனை பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரியாத வீட்டுக்குப் போகிறார்கள். நீச்சல் தெரியாமல் தீவுக்குப் போகிறார்கள், தீவிலிருந்து சேற்று வயலுக்குப் போகிறார்கள். ஒருத்தியைக் கூட ஏன் போனாய் என்று யாரும் கேலி செய்வதில்லை, போனபின் படும் பாட்டை யாரும் கேட்பதும் இல்லை. அதில் கால் பங்கு உனக்கு நேர்ந்ததும் படகில் அழுதாய். அழுதது தப்பில்லை. உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் எத்தனை அழுதிருப்பாள் என்று உன்னைப் பார்த்துத்தான் எனக்கு யோசிக்கத் தோன்றியது. நேற்று அவளிடமே கேட்டேன். "இப்ப கேக்கறியா"னு சொல்லிவிட்டு எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

பிள்ளைகள் முயல் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார், சிரி. கூப்பிட்டு அவர்களுக்கே அலுத்துப்போகும். அலுக்காதவனை வீட்டுக்கு அழைத்து வந்து முயலைச் சீவக் கொடு. "எங்க ஊட்ல இப்டி வெக்க மாட்டாங்க"னு சாப்பாட்டில் உட்கார்ந்து சொல்லாதே. உன் மாமியார் குழம்பில் புளி கூடுதல் என்று காதர் அண்ணனிடம் சொன்னாயாமே, அந்தப் புளியை மூன்று மாதம் தின்று பார், பிறகு இங்கே வந்தால் உன் அம்மா குழம்பு சப்பென்றிருக்கும். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. சமைக்கத் தெரியும் என்பதற்காக அடுப்படியில் போய் அதிகாரம் பண்ணாதே. கோட்டையில் அத்தனை பேருக்குச் சமைத்த என்னை இந்த வீட்டில் உப்புப் போட விட்டதில்லை. பாத்திரம் கழுவு, விறகு பிள, எது எந்தப் பானையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். கேட்கிற மருமகனை எந்த மாமியாரும் வெறுப்பதில்லை. சேற்றில் இறங்கத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல். செங்கேணி சொல்லிக்கொடுப்பாள். நீ அவளுக்கு ராட்டையைச் சொல்லிக்கொடு. முதலில் அறுந்து போகும், அவள் எரிச்சல்படுவாள், அப்போது நீ சிரிக்காதே. அவள் சிரித்த பிறகு நீ சிரிக்கலாம். செங்கேணி, அவன் காலையில் சீக்கிரம் எழமாட்டான் என்பதை நாங்கள் கல்யாணத்துக்கு முன்பு உங்களிடம் சொல்லவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவான்.

உன் அம்மா ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறாள். என்ன என்று கேட்டால், "ஒன்னும் இல்ல, நல்லா துன்னச் சொல்லு"னு சொல்கிறாள். அவ்வளவுதானா என்றேன். "அவ்ளோதான். மீதிய நேர்ல சொல்லிக்கறேன்"னு சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். பக்கத்துக் குடிசையிலிருந்து அத்தை, "எம் பேரையும் எழுதுடா"னு கத்துகிறாள். எழுதிவிட்டேன்.

நேரில் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அறுப்பு முடிந்து பொங்கல் கழிந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஆரம்பாக்கம் வருகிறோம். காதர் அண்ணன் படகில் இடம் சொல்லியாயிற்று. நீ கரைக்கு வந்து காத்துக்கொண்டு நிற்க வேண்டாம், வழி கேட்டு நாங்களே வந்துவிடுவோம். ஒன்று மட்டும் செய். நாங்கள் தெருவில் வரும்போது உன் மாமியார் எழுந்து வருவார், செங்கேணி ஓடி வருவாள். அவர்களை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு நீ வாசலுக்கு வா. ஊரில் யார் நின்று பார்த்தாலும் கூச்சப்படாமல், எங்களைப் பார்த்து "வாங்க"னு நீ கூப்பிட வேண்டும். விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, நான் உன் வீட்டுக்குள் வருவேன்.